ரோம் போகிறவர்கள் சொராத்தே மலைக்கும் ஒரு நாள் ஒதுக்குவது எப்படி

மலேசியாவின் கெடாவில் இருக்கும் நம் பீடோங் பக்கத்திலிருந்து ரோமுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. மாதா கோயில் யாத்திரைக் குழுவோடு போகிறவர்கள் ஒரு வகை, அங்கே படிக்கிற பிள்ளையைப் பார்க்கப் போகிற அப்பா அம்மாக்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் பயணத்தின் கடைசியில் ஓரிரு நாள் கையில் மிஞ்சும், அதை என்ன செய்வது என்று தெரியாமல் சாவிக்கொத்தும் ஜெபமாலையும் வாங்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குவார்கள். அந்த நாளை வைத்து ரோமுக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு சின்ன மலைக்கும் அதைச் சுற்றிய கிராமங்களுக்கும் எப்படிப் போவது, எந்த வரிசையில் பார்ப்பது, எதை விட்டுவிடலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். யாத்திரைக் குழுவில் இருப்பவர்கள் குழுத் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காலையில் பஸ்ஸில் தலை எண்ணும்போது ஆள் குறைந்தால் பெரிய கலாட்டாவாகிவிடும்.

மலையின் பெயர் சொராத்தே. உயரம் 691 மீட்டர். நம் ஜெராய் மலை 1,217 மீட்டர் என்பதால் உயரத்தைச் சொன்னதும் இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள், ஆனால் ஜெராய் எப்படி வயல்வெளிக்கு நடுவில் தனியாக எழுந்து நிற்கிறதோ அதே மாதிரிதான் இதுவும் தைபர் ஆற்றுச் சமவெளியில் துணைக்கு ஒரு குன்றுகூட இல்லாமல் நிற்கிறது, அதனால் இருக்கிற உயரத்தைவிடப் பெரிதாகத் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் ரோமிலிருந்தே அதன் முதுகு தெரியும். முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அதைச் சுற்றியுள்ள நிலமோ எரிமலை கக்கிய சாம்பல் இறுகி உண்டான மென்பாறை, அதை டஃப் என்கிறார்கள். ஓடைகள் அந்த மென்பாறையை அறுத்து அறுத்து ஆழமான பள்ளங்கள் ஆக்கியிருக்கின்றன. இந்த இரண்டு பாறைகளையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்து வரலாறு பாதி இதிலேயே இருக்கிறது.

அந்தப் பள்ளங்களுக்கு நடுவே துருத்திக்கொண்டு நிற்கும் மேட்டு நிலங்களில் ஊர் கட்டி வாழ்ந்தவர்கள்தான் ஃபாலிஸ்கர்கள். மேற்கேயும் வடக்கேயும் எத்ருஸ்கர்கள் என்ற இன்னொரு பழங்கால மக்கள், தெற்கே ரோமானியர்கள், நடுவில் இவர்கள். பேசியது லத்தீனுக்கு மிக நெருங்கிய ஒரு மொழி, ஆனால் போரில் நின்றது பெரும்பாலும் எத்ருஸ்கர்கள் பக்கம். தலைநகரம் ஃபலேரி. கி.மு. 241இல் ரோமை எதிர்த்து எழுந்தார்கள், ஆறே நாளில் கதை முடிந்தது. பாதி நிலம் பறிபோனது, மேட்டில் இருந்த ஊரைக் காலி செய்துவிட்டுச் சமவெளியில் புதிதாக ஒரு ஊரில் குடியேற வேண்டியதாயிற்று. தோட்டம் துண்டாடப்பட்டு, கோயிலையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு டவுன் ஓரத்து அடுக்குமாடிக்கு மாறிய குடும்பங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

வரிசைதான் முக்கியம்

போகிறவர்கள் நேராக இடிபாடுகளுக்குப் போய், ஒரு மதிலையும் புல்லையும் பார்த்துவிட்டு, இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அங்கே தரைக்கு மேல் இருப்பது கொஞ்சம்தான். மண்ணிலிருந்து எடுத்த நல்ல பொருள்களில் பெரும்பகுதி ரோமில் இருக்கிறது, எடுத்த இடம் வெறும் மேடாக அங்கே இருக்கிறது. நம் பூஜாங் பள்ளத்தாக்கிலும் இதே சங்கதிதானே, வெவ்வேறு இடங்களில் இருந்த சண்டிகளில், அதாவது பழங்காலக் கோயில்களில், சிலவற்றைக் கல் கல்லாகப் பெயர்த்து மெர்போக் அருங்காட்சியக வளாகத்தில் மறுபடி அடுக்கி வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்கிற பிள்ளைக்கு அந்தச் சண்டி ஆற்றங்கரையில் ஏன் இருந்தது என்று எப்படிப் புரியும்?

அதனால் என் வரிசை இது: முதலில் ரோமில் அருங்காட்சியகம், அடுத்து மலை, கடைசியில்தான் இடிபாடுகள். பொருளைக் கண்ணால் பார்த்துவிட்டு, மலை மேலிருந்து நிலத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம் கீழே இறங்கினால் புல்லும் மதிலும் பேச ஆரம்பிக்கும். இந்த வரிசையை மாற்றினால் நான் பொறுப்பில்லை.

ரோமில் பார்க்க வேண்டியது வில்லா ஜூலியா. ஒரு போப்பாண்டவருக்காக 16ஆம் நூற்றாண்டில் கட்டிய மாளிகை, இப்போது எத்ருஸ்கர்களுக்கான தேசிய அருங்காட்சியகம். கூட்டம் வாட்டிகன் பக்கமே போய்விடுவதால் இங்கே நிம்மதியாக நின்று பார்க்கலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும். எல்லா அறைகளையும் பார்க்க நினைத்தால் கால் போய்விடும், ஃபலேரியிலிருந்து வந்தவை எங்கே என்று கேட்டு நேராக அங்கே போங்கள். கோயில் கூரையிலும் முகப்பிலும் இருந்த சுடுமண் சிலைகள் இருக்கின்றன, அவற்றில் ஸ்கசாத்தோ கோயிலின் அப்போலோ என்கிற இளைஞன் சிலையைத் தவறவிடாதீர்கள். அப்புறம் ஒரு மதுக்கிண்ணம். கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, உட்பக்கத்தில் படம், ஓரத்தில் ஃபாலிஸ்க மொழியில் ஒரே ஒரு வரி: இன்றைக்கு மது குடிப்பேன், நாளைக்கு எனக்கு இருக்காது. அந்த மொழியில் இன்று எஞ்சியிருப்பவற்றிலேயே பிரபலமான வாசகம் இதுதான். நம் தோட்டத்துக் கள்ளுக்கடைச் சுவரில் எழுதி வைத்திருந்தாலும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

போய்ச் சேருவது

கடப்பிதழ் விஷயத்தில் நமக்குப் பிரச்சினை இல்லை, மலேசியக் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. கோடையில் அங்கே நம்மைவிட ஆறு மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஏழு. அதனால் முதல் இரண்டு நாள் விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். அதை நல்லதாகவே எடுத்துக்கொண்டு மலைக்குப் போகும் நாளைப் பயணத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ள முடிந்தால் வையுங்கள், காலை முதல் பஸ்ஸைப் பிடிக்க அலாரமே வேண்டாம்.

பஸ்ஸில் போகிறவர்கள் மெட்ரோ ஏ வழித்தடத்தில் ஃப்ளமீனியோ வரை போய், அங்கே பக்கத்திலேயே கிளம்பும் வித்தெர்போ ரயிலில் ஏறி சாக்ஸா ருப்ராவில் இறங்க வேண்டும். கொட்ரால் என்னும் மாநில பஸ்கள் அங்கிருந்து வடக்குக் கிராமங்களுக்குக் கிளம்புகின்றன. மலைச் சரிவில் இருக்கும் ஒரே ஊர் சாந்தோரேஸ்தே, அதன் பெயர் பலகையில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ரயில் பாதையிலேயே சாந்தோரேஸ்தே என்று ஒரு நிலையம் இருக்கிறதே, ரயிலிலேயே போய் இறங்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். நிலையம் கீழே பழைய ஃப்ளமீனியா சாலை ஓரத்தில் இருக்கிறது, ஊர் மேலே, கிலோமீட்டர் கணக்கில் தள்ளி. அங்கே இறங்கி கிராப் டாக்ஸி கூப்பிடலாம் என்று போனால் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

பல பயணம் போகிற நாளில் பிர்க் என்கிற ஒரு நாள் டிக்கெட் லாபம், போகும் தூரத்தைப் பொறுத்து விலை மாறும். ஏறியதும் மெஷினில் முத்திரை குத்த மறக்காதீர்கள், குத்தாத டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம்தான், வயதான ஆன்ட்டி என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் மிகக் குறைவு. சனிக்கிழமையோ வார நாளோ பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கைந்து பேர் சேர்ந்தால் காடி, அதாவது கார், வாடகைக்கு எடுப்பதே நல்லது, ஏனென்றால் இடிபாடுகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன. இங்கேயே சாலைப் போக்குவரத்துத் துறையில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்துக்கொண்டு போங்கள், நம் லைசென்ஸோடு அதையும் காட்ட வேண்டும். வாடகைக் காடியை ரோம் நகரத்துக்குள் எடுக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுங்கள். நகரத்தின் நடுப்பகுதியில் வெளியார் வண்டி நுழையக் கூடாத தெருக்கள் நிறைய, கேமரா படம் எடுத்துவிடும், நீங்கள் ஊர் திரும்பி எல்லாவற்றையும் மறந்த பிறகு அபராதக் கடிதம் வீட்டு வாசலுக்கு வரும். ரோமைச் சுற்றிய வட்டச் சாலையிலிருந்து ஏ1 நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் பொன்சானோ ரோமானோ, சொராத்தே என்று இரண்டு பெயரும் சேர்ந்து போட்ட டோல் வரும், அங்கே வெளியேறுங்கள். வலப்பக்கம் ஓட்டும் பழக்கம் இல்லாதவர்களுக்கு நெடுஞ்சாலையில் கஷ்டமே இல்லை, கஷ்டமெல்லாம் கிராமத்துக்குள்ளேதான். தெரு குறுகிக்கொண்டே போய் கடைசியில் யார் வீட்டுப் படிக்கட்டிலோ முடியும். ஊர் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து விடுங்கள்.

ஏறுவது

சாந்தோரேஸ்தே ஏற்கெனவே கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஆகவே நீங்கள் உண்மையில் ஏறப்போவது 300 மீட்டருக்கும் குறைவு. ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பழகிய நம் அப்பாக்கள் காலத்து ஆட்களுக்கு இது பசியாறுவதற்கு முன் முடிகிற வேலை. இந்தக் காலத்து முழங்கால்களுக்கு நிறுத்தி நிறுத்தி ஏறினால் ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மலை 1997 முதல் இயற்கைக் காப்பகம், பாதைகளுக்குக் குறி போட்டிருக்கிறார்கள். துறவிகள் தங்கியிருந்த பழைய குடில்களைத் தொட்டுத் தொட்டுப் போகும் பாதையைப் பிடியுங்கள், பாதி வழிக்கு மேல் மர நிழல் இருக்கும். மலையில் மேரி என்று சொல்லும் செங்குத்தான குழிகளும் உண்டு, சுண்ணாம்புப் பாறையைத் தண்ணீர் கரைத்து உண்டாக்கியவை, 100 மீட்டருக்கு மேல் ஆழம். வேலி போட்ட இடத்தில் எட்டிப் பார்த்துப் படம் எடுக்கிற வேலை வேண்டாம், பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

ரப்பர் சிலிப்பர் ஆகவே ஆகாது. சுண்ணாம்புக் கல் பல தலைமுறை நடந்து வழுவழுப்பாகி இருக்கும், கொஞ்சம் ஈரம் பட்டாலும் வழுக்கும். தண்ணீர் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள், மேலே கடை எதுவும் இல்லை. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று சொல்லாதீர்கள், நம் ஊர் வெயிலில் வேர்த்துக் கொட்டி உடம்பு எச்சரிக்கும், அங்கே காற்று காய்ந்திருப்பதால் வேர்ப்பதே தெரியாமல் தலை சுற்றும். குளிர்காலத்தில் போனால் ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதை வைத்து இறங்கும் நேரத்தைக் கணக்குப் போடுங்கள்.

உச்சியில் சான் சில்வெஸ்த்ரோ என்னும் பழைய தேவாலயம். கான்ஸ்டன்டைன் மன்னருக்குப் பயந்து சில்வெஸ்டர் பாப்பரசர் இந்த மலையில் ஒளிந்திருந்தார் என்று ஒரு கதை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது, யாத்திரை வந்தவர்களுக்கு அது ஒரு உபரி லாபம். உள்ளே போக முடியும் என்று நம்பிப் போகாதீர்கள், கதவு திறந்திருந்தால் அதிர்ஷ்டம். ஆனால் நம் ஆட்கள் இந்த மலைக்கு ஏற வேண்டும் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் தேவாலயம் இல்லை, அதற்கு முன்னால் அந்த மலையில் நடந்தது.

இங்கே தீ மிதித்தார்கள். சும்மா ஒப்பிட்டுச் சொல்லவில்லை, நிஜமாகவே தீமிதி. சொரானுஸ் என்று ஒரு தெய்வம், பிற்காலத்தில் அப்போலோவோடு சேர்த்துக் கும்பிட்டார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி எழுதி வைத்திருக்கிறார்: ஃபாலிஸ்கர் நாட்டில் ஹிர்ப்பி என்று சில குடும்பங்கள் உண்டு, வருடா வருடம் சொராத்தே மலையில் நடக்கும் பூசையின்போது எரிந்த கட்டைக் குவியல் மேல் நடப்பார்கள், சுடாது, அதனால் அந்தக் குடும்பங்களுக்குப் படையில் சேரும் கடமையிலிருந்தும் மற்ற எல்லாச் சுமைகளிலிருந்தும் நிரந்தர விலக்கு என்று ரோமானிய செனட்டே ஆணை போட்டிருந்தது. தீமிதிக்கு ஒரு நாள் லீவு கேட்டுத் தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் நின்ற தலைமுறையின் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் பெருமூச்சு விடலாம்.

ஸ்ட்ராபோ என்கிற கிரேக்கர் வேறு மாதிரி சொல்கிறார். அவர் கணக்கில் அது மலையடிவாரத்தில் ஃபெரோனியா என்ற பெண் தெய்வத்தின் இடத்தில் நடந்தது. அருள் வந்தவர்கள் வெறுங்காலோடு நெருப்புத் துண்டுகளும் சாம்பலும் நிறைந்த குவியல் மேல் நடந்தார்கள், திருவிழாவுக்காகவும் இந்தக் காட்சிக்காகவும் வருடம்தோறும் பெருங்கூட்டம் கூடியது. மேலேயா கீழேயா, அப்போலோவா அம்மனா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், எனக்கு அம்மன் பக்கம்தான் சாய்வு, ஏன் என்று கேட்காதீர்கள். வார்ரோ என்று இன்னொருவர் இருந்திருக்கிறார், அவர்கள் உள்ளங்காலில் ஏதோ மருந்து தடவிக்கொண்டுதான் நடக்கிறார்கள் என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு தீமிதியிலும் வேலிக்கு வெளியே கையைக் கட்டிக்கொண்டு நின்று இப்படிப் பேசும் ஒரு மாமா இருப்பார், அவர் ரோமிலும் இருந்திருக்கிறார்.

உச்சியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், ஆனால் பூ, கற்பூரம் எல்லாம் எடுத்துக்கொண்டு போய் ஏற்றி வைக்காதீர்கள். காப்பகத்தில் நெருப்பு மூட்டக் கூடாது, கோடையில் அந்தப் புல் பிடித்தால் மலையே போய்விடும்.

இப்போது மேலிருந்து பாருங்கள். கிழக்கே வளைந்து வளைந்து ஓடுவது தைபர், அதற்கு அப்பால் சபீனர் மலைகள், அதற்கும் அப்பால் அப்பெனைன் தொடர். தெற்கே ரோம். மேற்கே சமதரை மாதிரி விரிந்து கிடப்பதுதான் ஃபாலிஸ்கர் நாடு. நன்றாக உற்றுப் பார்த்தால் அது சமதரை இல்லை, கத்தியால் கீறிய மாதிரி இருண்ட பச்சைக் கோடுகள் ஓடுகின்றன. அவைதான் அந்தப் பள்ளங்கள். பழைய ஊர்கள் எல்லாம் இரண்டு பள்ளங்கள் சேரும் முனையில் இருப்பது இங்கிருந்து பார்த்தால்தான் பிடிபடும். மூன்று பக்கம் செங்குத்தான பாறை, ஒரு பக்கம் மட்டும் காவல் போதும். அப்படி வசதியாக இருந்தவர்களை ரோம் ஏன் சமவெளிக்கு இறக்கியது என்பதும் இங்கேயே விளங்கிவிடும்.

இறங்கி வந்ததும் ஒரு விஷயம். இந்த மலையின் வயிற்றுக்குள் கிலோமீட்டர் கணக்கில் சுரங்க அறைகள் உள்ளன. 1937இல் முசோலினி ஆட்சியில் தோண்ட ஆரம்பித்தார்கள், 1943 செப்டம்பரிலிருந்து ஜெர்மன் தளபதி கெசல்ரிங் இங்கிருந்துதான் இத்தாலியப் போரை நடத்தினார், 1944 மே 12 அன்று நேச நாட்டு விமானங்கள் வந்து குண்டு போட்டன. பிறகு பனிப்போர்க் காலத்தில் அணுகுண்டு விழுந்தால் அரசாங்கம் ஒளிந்துகொள்ள அதன் ஒரு பகுதியை மாற்றிக் கட்டினார்கள். வழிகாட்டியோடு, குறிப்பிட்ட நாள்களில், முன்பதிவு செய்தால் மட்டும் பார்க்கலாம். சயாம் மரண ரயில் கதையைக் கேட்டு வளர்ந்த வீட்டுப் பெரியவர்களை நிச்சயம் கூட்டிப் போங்கள். உள்ளே குளிரும், ஒரு சட்டை கூடுதலாக வேண்டும்.

இடிபாடுகள்

பஸ்ஸில் வந்தவர்களுக்கு மலையோடு அந்த நாள் முடிந்தது, இடிபாடுகளை இன்னொரு நாளுக்கு வையுங்கள். காடியில் வந்தவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிவிதா காஸ்தெல்லானாவுக்குக் கிளம்பலாம். பழைய ஃபலேரி இருந்த மேடு இதுதான், மேலேயே இன்றைய ஊர் இருக்கிறது. பாலத்தில் நின்று கீழே பள்ளத்தைப் பார்த்துவிட்டு, சங்கால்லோ கோட்டைக்குள் போங்கள். போர்ஜா குடும்பத்து ஆறாம் அலெக்ஸாண்டர் பாப்பரசர் கட்டச் சொன்ன கோட்டை, இப்போது ஃபாலிஸ்கர் நாட்டு அருங்காட்சியகம். சின்னதுதான், வில்லா ஜூலியாவைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு விட்ட இடத்தை நிரப்பிக் கொடுக்கும். இந்த ஊர் கழிப்பறைப் பீங்கான் தொழிலுக்கும் இத்தாலி முழுக்கப் பேர் போனது. இதைச் சொன்னால் பிள்ளைகள் அருங்காட்சியகத்தைவிட அதைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள், என்ன செய்வது.

இந்த ஊரைப் பற்றி ரோமானியர்கள் சொல்லி வந்த ஒரு வாத்தியார் கதை உண்டு. கி.மு. 394இல் கமில்லுஸ் என்ற தளபதி ஃபலேரியை முற்றுகையிட்டிருந்தபோது, ஊரின் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் அவர்களை விளையாடக் கூட்டிப் போவது போல வெளியே அழைத்து வந்து எதிரியிடம் ஒப்படைத்தாராம். கமில்லுஸ் அந்தப் பரிசை வாங்கவில்லை. வாத்தியாரின் துணியை உருவி, கையைப் பின்னால் கட்டி, பிள்ளைகள் கையில் பிரம்பைக் கொடுத்து அடித்துக்கொண்டே ஊருக்குத் திருப்பி அனுப்பினார். ஊர்க்காரர்கள் மனம் மாறிச் சரணடைந்தார்கள். ஜெயித்தவர்கள் சொன்ன கதை என்பதால் கமில்லுஸ் இவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்று நினைக்கிறேன், இருந்தாலும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

அங்கிருந்து மேற்கே சுமார் 5 கிலோமீட்டரில் ஃபலேரி நோவி, அதாவது கி.மு. 241க்குப் பிறகு அவர்களை இறக்கி விட்ட புது ஊர். சுற்றி ஏறக்குறைய 2 கிலோமீட்டர் மதில், நிறைய கோபுரங்களோடு இன்றும் நன்றாக நிற்கிறது. மேற்குப் பக்கம் ஜூபிடர் வாசல், தலைக்கு மேலே வளைவின் உச்சிக் கல்லில் ஒரு முகம் செதுக்கியிருக்கும், நிமிர்ந்து பாருங்கள். உள்ளே நுழைந்தால் சிஸ்டெர்சியத் துறவிகள் 12ஆம் நூற்றாண்டில் கட்டிய சாந்தா மரியா தேவாலயம் ஒன்று, மற்றபடி வயல். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த வயலுக்குக் கீழே முழு நகரமே படுத்திருக்கிறது. 2020இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மண்ணைத் தோண்டாமலே, ஒரு சின்ன வண்டியின் பின்னால் ரேடார் கருவியைக் கட்டி இழுத்து, 12.5 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை அளவெடுத்து, 30 ஹெக்டேருக்கு மேல் நகரத்தின் வரைபடத்தை வெளியிட்டார்கள். சந்தை, கோயில், குளியல் கட்டடம், தண்ணீர்க் குழாய்கள் எல்லாம் அதில் தெரிகின்றன. அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொண்டு போங்கள், வயலைப் பார்த்துப் படத்தைப் பார்த்து, படத்தைப் பார்த்து வயலைப் பார்த்து நடந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. பயிர் இருந்தால் மிதிக்காதீர்கள், அது யாரோ உழைத்தது.

2013இல் நம் பீடோங் பக்கத்தில் 11ஆம் எண் சண்டியை மேம்பாட்டு வேலைக்காக இடித்துத் தள்ளியது ஞாபகம் இருக்கும். ஃபலேரி நோவியில் நிற்கும்போது எனக்கு அந்த நினைப்புத்தான் வரும். வயலாகக் கிடந்ததால் அந்த ஊர் தப்பித்தது, மேலே வீடு எழும்பியிருந்தால் ரேடாரும் கிடையாது, படமும் கிடையாது.

இன்னும் ஒரு நாள் இருந்தால் தெற்கே ட்ரேயா பள்ளத்தாக்கு. மத்சானோ ரோமானோவுக்கும் கல்காதாவுக்கும் இடையே ஆற்றோரமாக நடக்கலாம், வழியில் நார்ச்சே என்னும் ஃபாலிஸ்க ஊர் இருந்த குன்றுகள் வரும், இப்போது காடுதான். கல்காதா அழகான ஊர். பாறை ஆபத்தானது என்று 1930களில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், பிறகு ஓவியர்களும் ஹிப்பிகளும் வந்து குடியேறிக் காப்பாற்றினார்கள். வார இறுதியில் கூட்டம் தாங்காது, அதோடு விலையும்.

சாப்பாடு

மதியச் சாப்பாடு பன்னிரண்டரை முதல் இரண்டரை வரைதான், மூன்று மணிக்குப் போய் நின்றால் நாற்காலியைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ராகு (இறைச்சிக் குழம்பு) என்று போட்ட எதையும் கேட்காமல் வாங்காதீர்கள். அமாத்ரிச்சானா, கார்போனாரா இரண்டிலும் பன்றி. சைவர்களுக்கு பாதுகாப்பானது தக்காளிச் சாறு மட்டும் போட்ட பாஸ்தா, சென்ஸா கார்னே என்று சொன்னால் இறைச்சி வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். காச்சோ எ பெப்பே என்று மிளகும் ஆட்டுப்பால் சீஸும் போட்டது நம் நாக்குக்கு ரொம்பப் பொருந்தும், ஆனால் அந்த சீஸைத் திரட்டக் ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பதுண்டு, கடுமையான விரதம் இருப்பவர்கள் தவிர்த்துவிடுங்கள். சம்பல் பாட்டில் ஒன்றைப் பையில் வைத்திருக்கும் அக்காக்களை நான் குறை சொல்ல மாட்டேன், கடைக்காரர் முன்னால் பாஸ்தா மேல் ஊற்றாமல் இருந்தால் சரி.

திரும்பும் டிக்கெட்டைக் காலையிலேயே ரோமில் வாங்கிவிடுங்கள். கிராமத்தில் டிக்கெட் விற்பது டி எழுத்துப் பலகை மாட்டிய புகையிலைக் கடையில், அந்தக் கடை மதியம் மூடினால் நாலு மணி வரை திறக்காது, பஸ் அதற்காகக் காத்திருக்காது. கடைசி பஸ்ஸை நம்பாமல் அதற்கு முந்தியதைப் பிடியுங்கள், அது வராவிட்டால்தான் கடைசி பஸ்.